பிரவுசிங் சென்டர் ரெஸ்யூமும் உங்கள் ரெஸ்யூமும்

மே, ஜூன் வந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் பாதிச் செய்திகள் இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, என் ரெஸ்யூம கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். அது எங்கள் தெருவுக்கே தெரியும். வந்த பிடிஎஃபைத் திறந்ததும் அது எந்த பிரவுசிங் சென்டரில் அடித்தது என்றுகூடச் சொல்லிவிடுவேன். மேலே நடுவில் கொட்டை எழுத்தில் 'ரெஸ்யூம்'. அதற்குக் கீழே 'கெரியர் ஆப்ஜெக்டிவ்' என்று இரண்டு வரி: பெயர்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து, என் திறமையை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபடுவேன். பிறகு மதிப்பெண் கட்டம். பிறகு அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனதா இல்லையா. கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்துக்கு ஒரு கோடு.

போன வருடம் வந்த ஒன்றில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடைய அப்பாவோ இருந்தார். முன்னால் வந்துபோன பையனின் ஃபைலைத் திறந்து, பெயரையும் போன் நம்பரையும் மாற்றிய கடைக்காரர் அப்பாவை மாற்ற மறந்துவிட்டார். பையனை நான் குறை சொல்ல மாட்டேன். ரெஸ்யூமை யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கடைக்காரர் கையில் இருந்த அச்சில் வார்த்து வாங்கி வந்துவிட்டான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் பயோடேட்டா, ரெஸ்யூம், சிவி மூன்றையும் ஒன்றுபோலவே சொல்கிறோம். பயோடேட்டா என்பது ஆளைப் பற்றிய விவரம்: வயது, குடும்பம், மதம், உயரம். கல்யாணத் தரகரிடம் கொடுப்பது அதுதான். அங்கே அது சரியாகவே இருக்கிறது. ரெஸ்யூம் பிரெஞ்சுச் சொல், 'சுருக்கம்' என்று பொருள். ஒரு வேலைக்கு வேண்டியதை மட்டும் ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்வது. சிவி என்பது கரிகுலம் விட்டே என்ற லத்தீன் தொடரின் சுருக்கம், 'வாழ்க்கையின் ஓட்டம்'. பேராசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகள், மாநாடுகள், நிதி உதவிகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு வைத்திருக்கும் நீண்ட ஆவணம் அது. பத்துப் பக்கம் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் நாம் ரெஸ்யூம் என்று சொல்வதையே சிவி என்கிறார்கள். விளம்பரத்தில் எந்தச் சொல் இருந்தாலும், தனியார் கம்பெனி வேலை என்றால் ரெஸ்யூம் அனுப்புங்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் போட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு வேலைக்கு இருநூறு ரெஸ்யூம் வந்து நிற்கும். இடையில் ஷிஃப்ட் பிரச்சினை, பிஎஃப் வேலை, யாரோ ஒருவரின் லீவு தகராறு. அந்த இருநூறையும் நிதானமாகப் படிப்பேன் என்று நான் சொன்னால் அது பொய். முதல் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போனால் அதிகம். அந்த நேரத்துக்குள் என் கண் தேடுவது மூன்றே விஷயம்: இவர் என்ன வேலை செய்கிறவர், அதை எங்கே எத்தனை நாள் செய்தார், நாங்கள் கேட்ட வேலைக்கும் அதற்கும் என்ன ஒட்டு. மூன்றும் முதல் பக்கத்தின் மேல்பாதியில் கிடைத்துவிட்டால் தனியாக எடுத்து வைப்பேன். சாயங்காலம் போன் போகும்.

ரெஸ்யூமின் வேலை அந்த போனோடு முடிந்தது. வேலை கிடைப்பது இன்டர்வியூவில். இது புரிந்துவிட்டால் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்ற சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். அந்த மேல்பாதி இடத்தை ஆப்ஜெக்டிவ் என்ற பெயரில் ஊருக்கே பொதுவான இரண்டு வரிக்குக் கொடுப்பது முன்சீட்டில் மூட்டையை உட்கார வைத்த மாதிரி. அதை எடுத்துவிட்டு உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். "நான்கு வருட அனுபவமுள்ள அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ரீகன்சிலியேஷன், சம்பளப் பட்டியல் மூன்றையும் தனியாகப் பார்த்தவர்." இதைப் படித்தவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. (ரெஸ்யூம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். நான் தமிழில் எழுதிக் காட்டுவது விஷயத்துக்காக.)

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

எனக்கு நன்றாகத் தெரிந்த தொழிலில் இருந்தே எடுக்கிறேன். சிஎன்சி என்றால் கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் மெஷின். இரண்டு வருடம் ஒரு ஜாப் வொர்க் பட்டறையில் இருந்த தம்பி ஒருவன் அனுபவம் என்ற தலைப்பில் இப்படி எழுதியிருந்தான்: "சிஎன்சி ஆபரேட்டராகப் பணிபுரிந்தேன். மெஷினை இயக்குவது என் பொறுப்பு." அவ்வளவுதான். கோவையில் இந்த வரியை எழுதாத டிப்ளமோ பையன் அபூர்வம்.

கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். என்ன மெஷின்? டர்னிங் சென்டர், இரண்டு. கன்ட்ரோலர்? ஃபானுக். என்ன ஓட்டினாய்? மோட்டார் ஷாஃப்ட், சில நாள் பம்ப் உறுப்புகள். ஷிஃப்டுக்கு எத்தனை? ஷாஃப்ட் என்றால் தொண்ணூறு வரும். அளவு எதில் பார்ப்பாய்? மைக்ரோமீட்டர், உள் விட்டத்துக்கு போர் கேஜ். டூல் தேய்ந்தால் யார் மாற்றுவார்? "நானேதாண்ணா. ஆஃப்செட்டும் நானே போட்டுக்குவேன். முதல் ஆறு மாசம்தான் செட்டர் வருவாரு."

அந்தக் கடைசி பதில்தான் அவன் ரெஸ்யூமிலேயே விலை உயர்ந்த வரி. அது ரெஸ்யூமில் இல்லவே இல்லை. ஷாப் ஃப்ளோரில் ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் மூன்றும் மூன்று படி. பட்டனை அழுத்தி ஜாபை ஏற்றி இறக்குகிறவர் ஆபரேட்டர். டூலை மாற்றி, தேய்மானத்துக்கு ஏற்ப மெஷினில் அளவைத் திருத்தி (அதுதான் ஆஃப்செட்), முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருகிறவர் செட்டர். சம்பளமும் அந்தப் படிப்படியே ஏறும். இவன் பாதி செட்டர் வேலையைச் செய்துகொண்டு, தன்னை ஆபரேட்டர் என்று மட்டும் எழுதி வைத்திருந்தான்.

மாற்றி எழுதினோம்: "ஃபானுக் கன்ட்ரோலர் உள்ள இரண்டு டர்னிங் சென்டர்களை ஒரே ஷிஃப்டில் இயக்கினேன். மோட்டார் ஷாஃப்ட், ஷிஃப்டுக்கு சுமார் 90. டூல் மாற்றம், ஆஃப்செட் திருத்தம், முதல் பீஸ் அளவுப் பரிசோதனை மூன்றும் தனியாக. மைக்ரோமீட்டர், போர் கேஜ் பயன்படுத்தத் தெரியும். வரைபடம் பார்த்து டாலரன்ஸ் படிப்பேன்." இதில் பெருமையடிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. கடின உழைப்பாளி என்றோ டீம் பிளேயர் என்றோ எங்கும் எழுதவில்லை. ஆனால் ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் இதைப் படித்தால் இந்தப் பையனை எந்த மெஷினில் நிறுத்தலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

எந்தத் தொழிலானாலும் கேள்வி இதேதான். என்ன கருவி அல்லது சாஃப்ட்வேர், எதன் மேல் வேலை, எவ்வளவு, யார் துணையில்லாமல். 'டேலி தெரியும்' என்பதைவிட 'மாதம் 300 பில் பதிவு, ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல்' மேல். 'எம்எஸ் ஆஃபீஸ்' என்று எல்லோரும் போடுகிறார்கள். எக்செலில் வி-லுக்கப், பிவட் டேபிள் போட வருமென்றால் அதை எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் உத்தேசமாகப் போட்டு 'சுமார்' என்று சேருங்கள். வாயில் வந்த எண்ணை மட்டும் போடாதீர்கள். இன்டர்வியூவில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வேலையே பார்க்காதவர் என்ன எழுதுவது?

ஃப்ரெஷர் என்றால் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்து ஹாபியை நீட்டுகிறார்கள். பாட்டுக் கேட்பது, புத்தகம் படிப்பது. இவற்றால் யாருக்கும் போன் போனதில்லை. மாவட்ட அளவில் கபடி ஆடியிருந்தால், என்சிசி 'சி' சர்டிஃபிகேட் இருந்தால் எழுதுங்கள், அதற்கு மதிப்புண்டு. கல்லூரிக் காலத்தில் மாலையில் மெடிக்கல் ஷாப்பில் நின்றது, அப்பாவின் பாத்திரக் கடையில் கணக்குப் பார்த்தது, டியூஷன் எடுத்தது, ஞாயிறுகளில் கேட்டரிங் போனது: இவற்றை எழுத ஏனோ வெட்கப்படுகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து பணம் எண்ணிய பையனைக் கேஷியர் வேலைக்கு எடுப்பதில் எனக்குத் தயக்கமே இருக்காது.

இறுதியாண்டு புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து சென்டரில் வாங்கிய புராஜெக்டை ரெஸ்யூமில் பெருமையாகப் போட்டால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். நாலு பேர் சேர்ந்து செய்தது என்றால் அதில் உங்கள் கை பட்ட பகுதி எது என்று எழுதுங்கள். சர்க்யூட் போர்டை சால்டர் செய்தது மட்டும்தான் என்றால் அதையே எழுதுங்கள். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச உங்களால் முடியும் அல்லவா?

படிப்பைக் கடைசியாக முடித்ததில் இருந்து பின்னோக்கி எழுத வேண்டும். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். 'ஒரு தாள் பாக்கி, நவம்பர் தேர்வில் எழுதுகிறேன்' என்று இருந்தால் யோசிப்போம். சேர்ந்த பிறகு புரொவிஷனல் சர்டிஃபிகேட் கொண்டுவர முடியாமல் திணறுவதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வரும்.

தேதி

என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமான பேர் சறுக்குவது இங்கேதான். '2021–2022' என்று எழுதினால் அது 2021 டிசம்பரில் சேர்ந்து 2022 ஜனவரியில் நின்றதாகவும் இருக்கலாம், முழுசாக இரண்டு வருடமாகவும் இருக்கலாம். படிக்கிறவர் குறைவானதைத்தான் எடுத்துக்கொள்வார். மாதத்தோடு எழுதுங்கள்.

இடைவெளியை மூட தேதியை இழுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. முன்பு அது செல்லுபடியானது. 2014-இல் பிஎஃபுக்கு யூஏஎன் என்ற, கம்பெனி மாறினாலும் மாறாத எண் வந்தபிறகு, பிஎஃப் பிடித்த கம்பெனிகளில் நீங்கள் சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்கின்றன. பெரிய கம்பெனிகள் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் ரிலீவிங் லெட்டரோடு சேர்த்து அதையும் கேட்கின்றன. மூன்று மாத இடைவெளிக்காக யாரும் உங்களை ஒதுக்கப்போவதில்லை. மூன்று மாதப் பொய் தெரிந்துவிட்டால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்பிவிடுவார்கள்; நான் அனுப்பியிருக்கிறேன், மனசே இல்லாமல்.

இடைவெளியை ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்குப் படித்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ், கூட இருந்தேன். குழந்தை பிறந்து நான்கு வருடம் வீட்டில் இருந்தேன், இப்போது திரும்ப வருகிறேன். நம் ஊரில் இந்த மூன்றும் இல்லாத வீடு எது? கடைசி வகையில் வருகிற பெண்கள் ரெஸ்யூமின் மேலேயே மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதுகிறார்கள். வேண்டாம். பழைய வேலையை முதலில் முழுசாக எழுதுங்கள், இடைவெளி அதன் இடத்தில் ஒரு வரியாக வரட்டும்.

இனிஷியலும் மற்றவையும்

இது நமக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் 'முருகன் கே', ஆதாரில் 'கே முருகன்', பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து 'முருகன் கந்தசாமி'. ஆன்லைன் படிவம் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று கேட்டால் திகைத்துப் போகிறோம். சர்டிஃபிகேட்டில் உள்ளபடியே ரெஸ்யூமில் போடுங்கள்; வெளிநாட்டு வேலைக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரெஸ்யூம், மெயில், லிங்க்ட்இன், நௌக்ரி எல்லாவற்றிலும் அது ஒன்றாகவே இருக்கட்டும்.

மதம், சாதி, அப்பா பெயர், திருமண நிலை, வீட்டின் முழு முகவரி: தனியார் ரெஸ்யூமுக்கு எதுவும் வேண்டாம். ஊரும் மாவட்டமும் போதும். ஆதார் எண், பான் எண் போடவே போடாதீர்கள். உங்கள் ரெஸ்யூம் எத்தனை கன்சல்டன்சி வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றப்போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. உறுதிமொழியும் தேவையில்லை. அரசு விண்ணப்பங்களுக்கு அவர்களுடைய படிவமே இருக்கிறது. அதில் கேட்டதை அங்கே நிரப்புங்கள்.

வெளிநாடு என்றால் கொஞ்சம் மாறும். வளைகுடா வேலைகளுக்கு போட்டோ, நாட்டுரிமை, விசா நிலை, பாஸ்போர்ட் எந்தத் தேதிவரை செல்லும், டிரைவிங் லைசென்ஸ் உண்டா என்பதெல்லாம் வழக்கமாகவே எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நேர்மாறு: அங்கே பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்கள் கடுமை என்பதால் போட்டோவும் வயதும் இருந்தால் படிக்கிறவருக்கே சங்கடம். ஐரோப்பிய நாடுகளுக்கு விண்ணப்பிக்க யூரோபாஸ் என்ற இலவச வடிவம் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியமே நடத்துவது.

மெஷின் படிக்கும் ரெஸ்யூம்

பெரிய கம்பெனிகளிலும் வேலைவாய்ப்புத் தளங்களிலும் உங்கள் ஃபைலை முதலில் திறப்பது மனிதர் அல்ல. ஏடிஎஸ் என்ற சாஃப்ட்வேர் அதில் உள்ள எழுத்துகளைப் பிரித்து எடுத்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று தன் கட்டங்களில் போட்டுக்கொள்ளும். பிறகு எங்களைப் போன்றவர்கள் ஒரு சொல்லைத் தட்டித் தேடுவோம். இதில் இரண்டு சிக்கல் வருகிறது.

ஒன்று, அழகு. கேன்வா என்ற டிசைன் தளத்தில் எடுத்த இரண்டு நெடுவரிசை டெம்பிளேட்டில் இடப்பக்கம் போன் நம்பர், வலப்பக்கம் அனுபவம் என்று பார்க்க ஜோராக இருக்கும். சில மெஷின்கள் அதை இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்து, உங்கள் போன் நம்பரைக் கம்பெனி பெயரோடு ஒட்டிவிடும். சோதிப்பது எளிது. பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து, நோட்பேடிலோ வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பும் செய்தியிலோ பேஸ்ட் செய்து பாருங்கள். அங்கே வரிசை குலைந்திருந்தால் மெஷினுக்கும் குலைந்துதான் தெரிய வாய்ப்பு. பேஸ்ட் ஆகவே இல்லையென்றால் அது ஸ்கேன் செய்த படம். மெஷினுக்கு வெற்றுத் தாள். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, தெளிவான தலைப்பு போதும். ஐந்தில் நாலு நட்சத்திரம் போட்டு ஆங்கிலம் தெரியும் என்று காட்டுவதை மெஷினும் படிக்காது, நானும் படிக்க மாட்டேன்.

இன்னொன்று, சொல். விளம்பரத்தில் 'அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்' என்று இருக்கிறது. நீங்கள் 'பேமென்ட் கலெக்‌ஷன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், தேடினால் அகப்பட மாட்டீர்கள். நீங்கள் உண்மையிலேயே செய்த வேலைக்கு விளம்பரம் என்ன பெயர் வைத்திருக்கிறதோ அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பத்து நிமிடம் இதற்குச் செலவிடலாம்.

சாட்ஜிபிடியில் எழுதி வாங்குவது பற்றிக் கேட்கிறார்கள். ஆங்கிலப் பிழை திருத்த நல்ல கருவி. முழு ரெஸ்யூமையும் அதனிடம் விட்டால் பழைய பிரவுசிங் சென்டர் கதைதான், தங்க முலாம் பூசி வரும். நீங்கள் சொல்லாத சாதனையையும், எங்கிருந்தோ எடுத்த 'முப்பது சதவீத' உயர்வையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அந்த முப்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டு, எதிரில் இருந்தவர் முகம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுப்பிப்பது

வேலை போன பிறகு ரெஸ்யூமைத் திறக்கிறவர்களுக்குச் செய்தது பாதி மறந்திருக்கும். நான் சொல்லும் வழி இது: நீளக் கணக்கே பார்க்காமல் ஒரு பெரிய ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸ் போதும், போனிலேயே எழுதலாம். செய்த வேலை, கற்ற கருவி, எண்கள், பயிற்சி எல்லாம் அவ்வப்போது அதில் விழட்டும். விளம்பரம் வரும்போது அதிலிருந்து வெட்டி ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ எடுத்துக்கொள்ளலாம். அனுபவம் பத்து வருடத்துக்குள் என்றால் ஒரு பக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சேர்ப்பது மட்டும் புதுப்பிப்பதாகிவிடாது, பழையதை எடுக்கவும் வேண்டும். சேவை வரி 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. இன்னும் 'சர்வீஸ் டேக்ஸ் ரிட்டர்ன்' என்பதை முதல் திறமையாகப் போட்டு வருகிற ரெஸ்யூம்கள் உண்டு. டேலி ஈஆர்பி 9-க்குப் பிறகு 2020-இல் டேலி பிரைம் வந்தது. பிரைமில் வேலை செய்துகொண்டே ரெஸ்யூமில் ஈஆர்பி 9 என்று விட்டுவைத்தால், படிக்கிறவர் உங்களைப் பழைய ஆள் என்று நினைத்துக்கொள்வார். எட்டு வருட அனுபவம் வந்தபிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் கல்லூரி புராஜெக்டும் இறங்கிக்கொள்ளலாம்.

நௌக்ரி மாதிரித் தளங்களில் புரொஃபைலை அவ்வப்போது திறந்து ஏதாவது ஒரு வரியைத் திருத்துங்கள். ஆறு மாதமாக உள்ளே வராதவரை நாங்கள் வடிகட்டி ஒதுக்கிவிடுகிறோம், அவர் வேறெங்கோ சேர்ந்திருப்பார் என்று.

அனுப்பும்போது ஃபைல் பெயர் 'ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2' என்று இருக்க வேண்டாம். என் கம்ப்யூட்டரில் அப்படி ஏற்கெனவே முப்பது இருக்கிறது. உங்கள் பெயர், வேலையின் பெயர், அவ்வளவுதான். மெயிலை வெறுமையாக விட்டு ஃபைலை மட்டும் இணைக்காமல் மூன்று வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு, எத்தனை வருட அனுபவம், எப்போது சேர முடியும். எதிர்பார்க்கும் சம்பளத்தை அவர்கள் கேட்டால் மெயிலில் சொல்லலாம், ரெஸ்யூமில் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் செட்டர் வேலைக்குத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு மூன்று நாள் போன் அடித்தோம்; எண் உபயோகத்தில் இல்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. நான்காம் நாள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டோம். ஒரு மாதம் கழித்து அவரே கம்பெனி கேட்டுக்கு வந்து, செக்யூரிட்டி வழியாக என்னிடம் பேசினார். ஆஃபருக்காக சிம் மாற்றியிருக்கிறார், ரெஸ்யூமில் பழைய நம்பர். அதனால் அனுப்புமுன் அந்த பிடிஎஃபை வீட்டில் வேறு யாருடைய போனிலாவது திறந்து, மேலே இருக்கும் நம்பரை அப்படியே பார்த்து அடித்துப் பாருங்கள். உங்கள் பையில் மணி அடிக்கிறதா?